மீண்டும் மாஸ்டர் வேண்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஸ்ட்ரைக் எதுவும் பண்ணவில்லை. கேட்டை மறிக்கவில்லை, யாரையும் ஒழிக என்று சொல்லவில்லை. கோஷம் கேட்டது உண்மைதான், ஆனால் போட்டது நாங்கள் பதினான்கு பேர் இல்லை. ஆம்பூரில் இன்றைக்கும் டீக்கடையில் நான்கு பேர் சேர்ந்தால், "அந்த ஷூ கம்பெனி ஸ்ட்ரைக்கு இருக்கே" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஸ்ட்ரைக்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நாங்கள் கேட்டது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு.

அதன் பெயர் சால்ட் ரிட்ஜ். வந்து பதினேழு வருடம் ஆகிறது. கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்து, ஒரு பெரிய தீவில் இறக்கிவிட்டு, இனி உன் பாடு என்று விட்டுவிடுவார்கள். எதிரிப் படை ஒரு பக்கம், நம் படை ஒரு பக்கம். ஆனால் இப்படித்தான் போக வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஜீப்பை எடுத்துக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம். சண்டையே போடாமல் நாள் முழுக்க மலை ஏறிக்கொண்டிருக்கலாம். நான் ஒன்பதாவது படிக்கும்போது அண்ணன் ஷோயப்போடு தெருமுனை பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். பெண்பிள்ளைக்கு அங்கே இன்னா வேலை என்று என் அம்மி, அதாவது அம்மா, கத்துவாள். ஸ்கூல் ப்ராஜெக்ட் என்பேன். பத்தாவது பரீட்சை வரைக்கும் அந்த ப்ராஜெக்ட் முடியவே இல்லை.

தீவின் நடுவே அகலமான ஓர் ஆறு. பொட்டுத் தண்ணீர் கிடையாது, வெறும் மணல். பார்த்த நிமிஷமே பாலாறு என்று பெயர் வைத்துவிட்டோம். வடக்கே இருந்த மலை எங்கள் ஊர்ப் பக்கத்துக் கைலாசகிரி ஆனது. எதிரியின் ஆயுதக் கிடங்குக்கு எங்கள் கணக்கு வாத்தியார் பெயர். அதைத் தினமும் ஒரு முறையாவது வெடிக்க வைக்காமல் நாங்கள் வீட்டுக்குப் போனதில்லை.

இப்போதைய கம்ப்யூட்டரில் அது ஓடுவதில்லை. எப்படியோ ஓட்டினாலும், பாலாற்றுப் பாலத்தில் ஜீப் ஏறியதும் திரை அப்படியே நின்றுவிடும். அதனால்தான் உலகம் முழுக்க இருக்கிற எங்களைப் போன்ற கிறுக்குகள் வருடக்கணக்காக அந்தக் கம்பெனியைக் கெஞ்சிக்கொண்டிருந்தோம். ரீமாஸ்டர் பண்ணிக் கொடுங்கள். புது விளையாட்டு வேண்டாம். அதே தீவு, அதே ஜீப். படத்தை மட்டும் துலக்கி, இன்றைய கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி செய்து கொடுத்தால் போதும். அதற்குப் பெயர்தான் ரீமாஸ்டர். கம்பெனிக்காரன் வாயே திறக்கவில்லை.

ஆம்பூரில் இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் பதினான்கு பேர். எங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு, ஹேமந்த் அதற்கு அட்மின். பள்ளிக்கூடத்தில் என் கூடப் படித்தவன், இப்போது நான் வேலை பார்க்கும் அதே ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் இருக்கிறான். குழுவில் பாதிப்பேர் எங்கள் கம்பெனி ஆட்கள்தான். என் பெயர் இரம். ஷூவின் ஒவ்வொரு துண்டும் என்ன அளவில் இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது என் வேலை. என் ஃபைலைப் பார்த்துத்தான் கட்டிங்கில் தோலை வெட்டுவார்கள். வெட்டியது தையல் லைனுக்குப் போகும். தையல் லைனுக்கு மாஸ்டர், சம்பூர்ணம்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாட்றம்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். முன்னூறு பெண்கள் ஓட்டும் மெஷின் சத்தத்தை மீறி அவர் குரல் கேட்கும். கோட் பையில் எப்போதும் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று இருக்கும். சந்தேகம் வந்தால் யாராக இருந்தாலும் சரி, ஸ்கேலை எடுத்து வைத்துக் காட்டிவிடுவார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை, ஜெர்மனிக்குப் போகும் பூட்ஸ் ஆர்டர் லைனில் ஏறியது. ஆயிரத்து எண்ணூறு ஜோடி. பதினோரு மணி வாக்கில் மெஷின் சத்தம் மொத்தமும் நின்றுவிட்டது. என் அறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். மாஸ்டர் ஒரு பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எதிரில் ப்ரொடக்ஷன் மேனேஜர் கோதண்டபாணி. சென்னையிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"நாக்கு கம்மியா இருக்கு சார். நாலு மில்லி கம்மி" என்றார் மாஸ்டர். நாக்கு என்றால் ஷூவில் கயிறு கட்டும் இடத்துக்கு அடியில் இருக்கும் பட்டை. "கயித்த இறுக்குனா காலைக் கடிக்கும். இத நான் ஓட்ட மாட்டேன்."

"கம்ப்யூட்டர் ஃபைல்படி கரெக்டா இருக்கும்மா. நானே பிரிண்ட் எடுத்து வெச்சுப் பாத்துட்டேன். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது."

"கம்ப்யூட்டர் பண்ணாது சார். கம்ப்யூட்டர்ல உக்காந்தவங்க பண்ணுவாங்க."

லைனில் யாரோ சிரித்துவிட்டார்கள். அங்கேதான் கெட்டது. கோதண்டபாணி சாருக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு மணி நேரம் லைன் நின்றது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மாஸ்டரைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அட்டைப் பெட்டி மடிக்கிற இடத்துக்கு. லைனை வேறு ஒருவர் ஓட்டினார்.

அன்று சாயந்திரம் எனக்கு மனசு கேட்கவில்லை. ஃபைலைத் திறந்து பார்த்தேன். 'ஃபைனல்' என்று ஒன்று இருந்தது. 'ஃபைனல் டூ' என்று ஒன்று. 'ஃபைனல் டூ ஓகே' என்று இன்னொன்று. ஜெர்மனிக்காரன் நாக்கை நாலு மில்லி கூட்டச் சொல்லி ஒப்புக்கொண்டது 'ஃபைனல் டூ ஓகே'. நான் கட்டிங்குக்கு அனுப்பியிருந்தது 'ஃபைனல் டூ'.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம். வேறு ஒரு காரணமும் கிடையாது. கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது என்று மேனேஜர் முன்னூறு பேர் முன்னால் சொன்ன அன்றைக்கே, தப்பு பண்ணியது நான்தான் என்று போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தேன். செவ்வாய் வந்தது, புதனும் வந்தது. லைன் ஓடிக்கொண்டே இருந்தது. மாஸ்டர் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில்தான் அந்த விளையாட்டுக் கம்பெனி பதினேழு வருடத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தது. அந்த வியாழக்கிழமை, சால்ட் ரிட்ஜ் வெளியாகிப் பதினேழு வருடம் நிறையும் நாள். அன்று ரசிகர்கள் எல்லாரும் தாங்கள் இருக்கும் இடத்தில், தங்கள் சொந்த மொழியில் ஒரு போர்டு பிடித்துப் படம் எடுத்து அனுப்புங்கள், நாங்கள் பார்க்கிறோம் என்று அறிவித்தார்கள். பார்க்கிறோம் என்றுதான் சொன்னார்கள், பண்ணுகிறோம் என்று சொல்லவில்லை. அதற்கே ஹேமந்த் தலைகால் புரியாமல் ஆடினான். "வியாழக்கிழமை அஞ்சரைக்கு எல்லாரும் நம்ம கம்பெனி கேட்டுக்கு வந்துடுங்க. வராதவன் எதிரிப் படை" என்று குழுவில் ஆணை போட்டான். போர்டு அவன் பொறுப்பு.

அவன் பொறுப்பு என்றால் அவன் மனைவி தமிழினியின் பொறுப்பு என்று அர்த்தம். தமிழினி ஆற்காடு பக்கம் திமிரிக்காரி, ஸ்கூலில் தமிழ் டீச்சர். அந்த வீட்டில் நடந்ததைப் பிறகு ஹேமந்த் என்னிடம் அழாத குறையாகச் சொன்னான்.

"ரீமாஸ்டர் வேண்டும்னு பெருசா எழுதிக் குடு" என்றிருக்கிறான்.

"சொந்த மொழியிலன்னு தானே கேட்டிருக்கான்? இங்கிலீஷ தமிழ் எழுத்துல எழுதிட்டா அது தமிழாயிடுமா?" என்றிருக்கிறாள் தமிழினி. "ரீன்னா மீண்டும். மாஸ்டர்னா ஆசான். மீண்டும் ஆசான் வேண்டும்."

"அய்யய்யோ, யாரோ செத்துட்ட மாதிரி இருக்குது."

"சரி, உனக்காக மாஸ்டர மட்டும் விட்டுத் தரேன். ரீய விட மாட்டேன்."

இப்படிப் பேரம் பேசி முடித்து, ஆறடித் துணியில் சிவப்புப் பெயின்ட்டில் அவள் அழகாக எழுதிக் கொடுத்துவிட்டாள். தமிழினி எங்கள் கம்பெனி கிடையாது, அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஹேமந்த்? நான்கு நாளாகக் கம்பெனி முழுக்க மாஸ்டர் பேச்சுத்தான். அவன் கண்ணுக்கு ஜீப்பைத் தவிர எதுவுமே தெரியவில்லை.

வியாழக்கிழமை ஐந்தரைக்குப் பதினான்கு பேரும் கேட் முன்னால் வரிசையாக நின்றோம். கம்பெனி பஸ் டிரைவர் மஹபூப் பாஷா அண்ணன் போனைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றார். ஹேமந்த் துணியை விரித்தான். நான் குனிந்து படித்தேன்.

மீண்டும் மாஸ்டர் வேண்டும்!

"டேய் ஹேமந்த், மடக்குடா" என்றேன். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. கேட் திறந்தது. நீலக் கோட் போட்ட பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். முன்னால் வந்தவள் பில்கிஸ். லைனில் மாஸ்டருக்கு அடுத்த பெரிய தொண்டை அவளுடையது. நின்று, எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு மார்பில் கை வைத்தாள்.

"அடியே, மாஸ்டருக்காக நிக்கறாங்கடி! நாம பஸ்ஸுக்கு ஓடறோம், ஆம்பிளைங்க நிக்கறாங்க பாரு, வெக்கமா இல்ல?"

அவ்வளவுதான். இரண்டே நிமிஷத்தில் எங்கள் பின்னால் முன்னூறு பேர். பில்கிஸ் "மீண்டும் மாஸ்டர்" என்று கத்த, பின்னாலிருந்து "வேண்டும்" என்று வந்த சத்தத்தில் ரோட்டில் போன லாரிக்காரன் வண்டியை ஓரம் கட்டிவிட்டான். ஹேமந்த் என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஏ இரம், நம்ம கேமுக்கு இவ்ளோ ஃபேன்ஸா?" என்றான். அவனை அங்கேயே அறைந்திருப்பேன், இரண்டு கையிலும் துணியைப் பிடித்திருந்தேன்.

அப்போதுதான் பேக்கிங் ஷெட்டிலிருந்து மாஸ்டர் வந்தார். சாப்பாட்டுப் பை தோளில். போர்டைப் படித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து, என் முழங்கையைப் பிடித்தார்.

"நீயுமா இரம்? அந்த ஏசி ரூம்ல இருந்து எனக்காக நீயும் எறங்கி வந்தியா?"

"சிரிங்க எல்லாரும்!" என்றார் மஹபூப் பாஷா அண்ணன்.

அந்தப் படம் இன்றும் என் போனில் இருக்கிறது. முன்னூற்றுப் பதினான்கு பேரும் கையைத் தூக்கிச் சிரிக்கிறார்கள். நான் மட்டும் பாகற்காயைக் கடித்த மாதிரி நிற்கிறேன்.

ஹேமந்த் அதை அனுப்பிய ஒரு மணி நேரத்தில் உலகத்துக் கிறுக்குகள் எல்லாம் எங்கள் படத்தின் கீழே வந்து விழுந்தன. சீருடை போட்ட முன்னூறு பெண் ரசிகைகள், இந்தியாவில் ஆம்பூர் என்ற ஊரில். பிரேசில்காரன் ஒருவன், "இந்தப் படைக்குத் தளபதி யார்?" என்று கேட்டிருந்தான். ஹேமந்த் எனக்குப் போன் போட்டுக் குதித்தான். நான் ஃபைல் விஷயத்தை முதல்முறையாக ஒரு மனிதரிடம் சொன்னேன்.

"விடு இரம்" என்றான் ஹேமந்த். "இதுவும் நல்லதுக்குத்தான். முன்னூறு பேர் கேட்டா மாஸ்டர லைன்ல போட்டுத்தானே ஆகணும்? நீ எதுவும் சொல்ல வேணாம். தானா சரியாய்டும்."

நானும் அப்படியே நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே முதலாளி நயீம் அகமதுவின் அறைக்குக் கூப்பிட்டார்கள். நயீம் சாப் எங்களைப் பேட்டா, அதாவது பிள்ளை, என்றுதான் கூப்பிடுவார்; சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. மெதுவாகப் பேசும்போதுதான் பயமாக இருக்கும். கோதண்டபாணி சார் எங்கள் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, போர்டு பிடித்தவர்கள், கோஷம் போட்டவள் தலையில் வட்டம் போட்டு வைத்திருந்தார். ஹேமந்த், நான், பில்கிஸ் ஒரு பக்கம் நின்றோம். மாஸ்டர் இன்னொரு பக்கம்.

"முன்னூறு பேர் கேக்கும்போது நான் இல்லேன்னு சொல்லல" என்றார் நயீம் சாப். "மாஸ்டர் லைனுக்கே போகட்டும். ஆனா லைன் ரெண்டு மணி நேரம் நின்னிருக்கு. நிறுத்துனது என் தப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்கம்மா. மேனேஜருக்கும் ஒரு மரியாதை வேணும் இல்ல?"

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ரெண்டு வரிதானே. எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. நான் தப்பித்தேன்.

"நாக்கு நாலு மில்லி கம்மின்னு எழுதித் தரேன் சாப்" என்றார் மாஸ்டர். "ரெண்டு வரி இல்ல, ரெண்டு பக்கம் எழுதித் தரேன். தப்புன்னு எழுத மாட்டேன்."

"அப்ப வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார் கோதண்டபாணி சார்.

"போறேன் சார்."

கோட் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது கம்பெனி ஸ்கேலு" என்றார். பில்கிஸ் அழ ஆரம்பித்துவிட்டாள். மாஸ்டர் அழவில்லை. போகிற போக்கில் என் தோளைத் தட்டி, "நீ நின்னதே போதும் கண்ணு" என்றார்.

அந்தத் தட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மாஸ்டர் சொன்னது சரி சாப்" என்றேன். "நாக்கு கம்மிதான். நான் பழைய ஃபைல அனுப்பிட்டேன். தப்பு என்னுது."

நயீம் சாப் எழுந்துபோய், அலமாரியிலிருந்து ஜெர்மனிக்காரன் ஒப்புக்கொண்ட மாதிரி பூட்ஸை எடுத்துவந்தார். லைனில் தைத்த பூட்ஸ் ஒன்றை மேசையில் வைத்திருந்தார்கள். மாஸ்டரின் ஸ்கேலாலேயே இரண்டையும் அளந்தார். பிறகு கோதண்டபாணி சாரிடம் ஸ்கேலை நீட்டினார். அவரும் அளந்தார். நாலு மில்லி.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றார் சாப்.

"திங்கக்கிழமை சாயந்திரமே தெரியும்."

"இன்னா கணக்கு இது பேட்டா? தப்பு உன்னுதுன்னு தெரியும். அத சொல்லாம, மாஸ்டருக்காக கேட்டுல போர்டு புடிப்பியா?"

இங்கே நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடியிருந்தால் மாஸ்டரின் மனசாவது மிஞ்சியிருக்கும். ஆனால் ஐந்து நாளாக மூடி மூடி எனக்கே பேஜாராகிவிட்டது.

"அது மாஸ்டருக்காக இல்ல சாப். அது ஒரு கேமு."

ஹேமந்த் முன்னால் வந்து, போனைத் திறந்து, தீவையும் ஜீப்பையும் காட்டி, ரீ என்றால் மீண்டும் என்பது வரைக்கும் விளக்கினான். விளக்க விளக்க வியர்த்துக் கொட்டியது. நயீம் சாப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஜீப்புக்கா?" என்றார்.

"முன்னூறு பேரும் ஜீப்புக்கா?" என்றார் கோதண்டபாணி சார்.

"எனக்கு ஜீப்பும் தெரியாது கீப்பும் தெரியாது" என்றாள் பில்கிஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நான் மாஸ்டருக்குத்தான் கத்துனேன்."

மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்த போர்டு எனக்கு இல்லையா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார்.

"போர்டு உங்களுக்கு இல்ல மாஸ்டர்" என்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "முன்னாடி நின்ன நாங்க பதினாலு பேரும் கேமுக்குத்தான் நின்னோம். ஆனா பின்னாடி நின்னாங்களே, அந்த முன்னூறு பேரும் உங்களுக்குத்தான் நின்னாங்க. அவங்கள யாரும் கூப்புடவே இல்ல."

அவர் மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்துக் கோட் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் நேராகத் தையல் லைனுக்குப் போனார். யாரும் தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் லைனிலிருந்து கைதட்டல் கேட்டது.

எனக்கு வேலை போகும் என்றுதான் நினைத்தேன். நயீம் சாப் வேறு தண்டனை வைத்திருந்தார். "எத்தன ஜோடி ஓடியிருக்கு? ஆயிரத்து நூறா? எல்லாத்துலயும் நாக்கப் பிரிச்சு வேற போடணும். பிரிக்கற வேல உன்னுது பேட்டா."

பதினொரு நாள் தையல் லைனின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாக்கு பிரித்தேன். விரல் நுனியெல்லாம் புண். அதுகூடப் பெரிதில்லை. மாஸ்டர் என்னோடு பேசவில்லை. நான் ஒரு கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் பில்கிஸைக் கூப்பிட்டு, "அந்த ஜீப்புப் பொண்ணுகிட்ட சொல்லு, நூல இழுக்க வேணாம், அறுத்து எடுக்கணும்" என்பார். பில்கிஸ் என் காதருகில் வந்து, "நூல இழுக்க வேணாமாம், அறுக்கணுமாம்" என்பாள். நான் பில்கிஸிடம், "சரின்னு சொல்லு" என்பேன். அவளும் சளைக்காமல் போய்ச் சொல்வாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். எனக்கு வலித்தது. இரண்டு வார்த்தை நன்றாகத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கோதண்டபாணி சார் ஒருநாள், சுற்றிலும் யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து லைனுக்கு வந்தார். "அன்னிக்கு நீங்க சொன்னது கரெக்டும்மா" என்று முணுமுணுத்தார்.

"மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல சார்" என்றார் மாஸ்டர்.

பாவம், அவர் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்து லைனில் எல்லா மெஷினும் நின்றிருந்தன. பில்கிஸ் வேலையாகத்தான் இருக்கும்.

ஆர்டர் இரண்டு வாரம் தாமதமாகப் போனாலும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. நான் என் அறைக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு என் ஃபைல் எதுவும் மாஸ்டர் அளந்து கையெழுத்துப் போடாமல் கட்டிங்குக்குப் போகாது என்று புதுச் சட்டம். நல்ல சட்டம்தான். தினமும் பேப்பரை எடுத்துக்கொண்டு போவேன். அளப்பார், கையெழுத்துப் போடுவார், பேப்பரை நீட்டுவார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஹேமந்த் எச்சில் கையோடு மேசைகளுக்கு நடுவில் ஓடி வந்தான்.

"வந்துடுச்சு! இரம், வந்துடுச்சு! ரீமாஸ்டர் வந்துடுச்சு!"

விளையாட்டுக் கம்பெனி வெளியிட்டிருந்த முன்னோட்டப் படத்தைக் காட்ட, கேன்டீன் டிவியில் அவன் போனை இணைத்துவிட்டான். இந்த இரண்டு மாதத்தில் சால்ட் ரிட்ஜ் எங்கள் கம்பெனி முழுக்கப் பிரபலமாகியிருந்தது. "இன்னாது, நம்ம ஜீப்பு வந்துடுச்சா?" என்று தையல் லைன் பெண்கள் டிபன் டப்பாவோடு வந்து டிவி முன்னால் கூடிவிட்டார்கள். முதலில் உலகத்து ரசிகர்களின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. நடுவில் எங்கள் கேட். நீலக் கோட்டுகள். தமிழினியின் சிவப்பு எழுத்து. கேன்டீனே விசிலடித்தது. எங்களால்தான் ரீமாஸ்டர் வந்தது என்று ஹேமந்த் இன்றுவரை சத்தியம் பண்ணுகிறான். உள்ளதைச் சொன்னால், அவர்கள் இரண்டு வருடம் முன்னாலேயே வேலையை ஆரம்பித்திருப்பார்கள். அதை அவனிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

பிறகு படம் ஆரம்பித்தது. வெள்ளை வெளேரென்ற உப்பு மண். அதில் ஒரு ஜோடி பூட்ஸ் நடந்து வந்தது. பழைய விளையாட்டில் சிப்பாயின் கால் இரண்டு செங்கல் மாதிரிதான் இருக்கும். இதில் ஒவ்வொரு தையலும் தெரிந்தது. கைலாசகிரி தெரிந்தது, புல் அசைந்தது. ஜீப் பாலாற்றுப் பாலத்தில் ஏறியது. பதினான்கு பேரில் அங்கே இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். நிற்கவில்லை. ஜீப் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டது. நான் வாய்விட்டு அழுதேவிட்டேன். முப்பத்தோரு வயதுப் பெண் ஒரு ஜீப்புக்காகக் கேன்டீனில் நின்று அழுதாள் என்று யார் சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை.

"இன்னொரு வாட்டி போடு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மாஸ்டர்.

ஹேமந்த் மறுபடி போட்டான். உப்பு மண். பூட்ஸ் நடந்து வந்தது.

"நிறுத்து."

நிறுத்தினான். மாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிவியிடம் வந்தார். கோட் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். திரையில் இருந்த பூட்ஸ்மேல் வைத்தார். குனிந்து பார்த்தார். டிபன் டப்பாவோடு நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"நாக்கு கம்மி" என்றார்.

பிறகு திரும்பினார். இரண்டு மாதத்தில் முதல்முறையாக என் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தார்.

"ஏம்மா இரம், இதுவும் உன் ஃபைலா?"

"அய்யோ, அல்லா மேல சத்தியமா இல்ல மாஸ்டர்!"

கேன்டீன் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்து, அன்றைக்குப் பிடித்த அதே முழங்கையைப் பிடித்தார்.

"அப்ப அந்த டீச்சர் பொண்ணுகிட்ட சொல்லி இன்னொரு போர்டு எழுதச் சொல்லு" என்றார். "இந்த வாட்டி நானும் உங்களோட முன்னாடி நிக்கறேன்."